நாலு நிமிஷப் பலகை

அவளுக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் கடிகாரம். முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. ஆனால் முப்பத்தொரு வருடமும் அது அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. சட்டை தைக்கும் தொழிற்சாலை. மூன்றாம் வரிசையில் நாற்பது மெஷின், நாற்பது பெண்கள், அவர்கள் தலைமேல் இவள் ஒரு சூப்பர்வைசர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் கைக்கடிகாரத்தைக் கழற்றாமல்தான் தூங்குகிறாள். மகள் வேலை முடிந்து வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவாள்.

கூடத்துச் சுவரில், போய்ச் சேர்ந்த புருஷன் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் பலகை தொங்கியது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மேலே ஓட்டை போட்டு நாடா கோத்திருந்தது. அந்தக் காலத்தில் வரிசைக்கு ஒரு பலகை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் கழிப்பறைக்குப் போகலாம். போனவள் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். நாலு நிமிஷம் கணக்கு. தாண்டினால் பெயர் நோட்டில் ஏறும். நோட்டு கடிகாரத்தின் கையில். அவள் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பே அந்த வழக்கம் ஒழிந்துபோனது. பலகையை மட்டும் ஞாபகத்துக்கு என்று வாங்கி வந்து, தூசு படியாமல் துடைத்து வைத்திருந்தாள். மற்றவர்கள் வீட்டில் பரிசுக் கோப்பை இருக்கும், இவள் வீட்டில் அது.

அந்தப் பலகையைப் பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது மேனேஜர் வீடு தேடி வந்தான். மகளைவிட நாலு வயது சின்னவன். கையில் ஒரு பை ஆப்பிள். உள்ளே வந்ததிலிருந்து வாய்க்கு வாய் மேடம் என்றான். ஆறு வருடமாக அவளை அப்படி யாரும் அழைக்கவில்லை. தொழிற்சாலைக்கு ஐம்பது வருடம் ஆகிறது, விழா வைக்கிறோம், முதலாளியே வருகிறார், நீங்கள் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றான். நாற்பது பேர் அறுபது பேர் வேலையை எப்படிச் செய்தார்கள், முணுமுணுக்காமல் எப்படி இருந்தார்கள் என்பதை இந்தக் காலத்துப் பெண்களுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றான். போகும்போது பலகையை மூன்று படம் எடுத்துக்கொண்டான். அவள் ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் இருந்தாள்.

கடைக்குப் போயிருந்த மகள் திரும்பி வந்தாள். ஆப்பிளைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், பையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அவளும் அதே மூன்றாம் வரிசைதான், பதினாறாவது மெஷின். அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொருத்திக்கும் ஒரு அட்டை தரப்போகிறார்கள். கழிப்பறைக் கதவில் தேய்த்தால் திறக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு நாலு நிமிஷம். மூன்றாம் தடவைக்குக் கதவு திறக்காது. அது வேண்டாம் என்று மகள் மனு எழுதி, இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். முதல் கையெழுத்து அவளுடையது. வேலை போனால் முதலில் போவதும் அவளுடையதுதான். விழா முடிந்ததும் முடிவு சொல்கிறேன் என்று அந்த மேனேஜர் இழுத்தடித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அவன் உன்னைக் கௌரவிக்கக் கூப்பிடல. உன் வாயை வச்சு எங்க வாயை அடைக்கப் பாக்குறான்" என்றாள் மகள்.

கடிகாரத்துக்குச் சுருக்கென்று ஏறியது. தன்னை ஒருவன் மதித்து வீடு தேடி வந்தது மகளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தாள். அதற்கப்புறம் நடந்தது அந்த வீட்டுச் சுவர்களுக்கே மனப்பாடம். எங்கள் காலத்தில் ஒழுங்கு இருந்தது, பெரியவர்கள் சொன்னால் கேட்டோம், தொட்டதுக்கெல்லாம் மனு எழுதவில்லை, உங்களுக்கு உடம்பு வணங்கவில்லை என்று அம்மா. உங்கள் காலத்தில் வாயைத் திறக்க வழியில்லை, அதற்குப் பேர் ஒழுங்கு என்று மகள். இப்போதே எழுந்து போனால் திட்டு விழுகிறது, அதனால் நாங்கள் யாரும் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, போன மாதம் இரண்டு பேருக்கு நீர்க்கடுப்பு வந்து படுத்துவிட்டார்கள் என்றும் மகள் சொன்னாள். நாங்களும்தான் குடிக்கவில்லை, செத்தா போய்விட்டோம் என்றாள் அம்மா.

பேச்சு முற்றினால் கடிகாரம் ஒரு வேடிக்கைக் கதையை எடுத்துவிடுவாள். அந்தக் காலத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதற்கு அது சாட்சி. அன்றைக்கும் எடுத்தாள். மூன்றாம் வரிசையில் காலர் தைத்தவள் ஒருத்தி, வாயாடி, கடிகாரத்துக்கு உயிர்த்தோழி. ஒரு நாள் வேலை முடிந்து மணி அடித்ததும் எழுந்து நிற்கிறாள், இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்திருக்கிறாள். ஐயோ, தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டதே என்று அவளே கத்தினாள், அவளே முதலில் சிரித்தாள். வரிசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதிலிருந்து வருடக்கணக்காக அவளைப் பார்த்தால் பாட்டில் பத்திரம் என்பார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது கடிகாரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு வரும்.

மகள் சிரிக்கவில்லை. நூறு தடவை கேட்ட கதைதான். அன்றைக்கு என்னவோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"துணியில கறை படும்னு உள்ள தண்ணி கொண்டுபோக விடமாட்டீங்களேம்மா. வாசல்ல நின்னு பையைச் சோதிச்சதே நீதானே. அப்புறம் பாட்டில் எப்படி வந்துச்சு?"

உனக்கு எதிலும் குறை கண்டுபிடிக்கத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கடிகாரம் அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் தோழியைப் பார்க்கப் போனாள். காலர்க்காரி இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் மெஷினைப் போட்டு ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பாட்டில் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

காலர்க்காரி மெஷினை நிறுத்தினாள். "கேக்க உனக்கு இத்தனை வருஷமாச்சா?" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொன்னாள். வயிற்றில் சின்னவன் அப்போது ஐந்து மாதம். மூன்று தடவை கை தூக்கினாள். முதல் தடவை பலகை வேறொருத்தி கழுத்தில் இருந்தது. அது திரும்பி வந்தபோது முறைப்படி அடுத்தவளுக்குப் போனது. மூன்றாம் தடவை, மணியடிக்க ஒன்பது நிமிஷம்தானே இருக்கு, பொறுத்துக்கோ என்று கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்துச் சொன்னாள். பொறுக்க முடியவில்லை. அந்த ஒன்பது நிமிஷமும் ஈரத்தில் உட்கார்ந்து ஏழு காலர் தைத்தாள். ஏழு என்பது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

"சிரிக்காம இருந்தா அழுதிருப்பேன். அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். நீயும்தானே சிரிச்ச" என்றாள்.

அன்றைக்குக் கடிகாரத்துக்கு உண்மையிலேயே தெரியாதா? பையைத் தன் கையால் துழாவியவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொள்ளாமல் இருப்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னை மன்னிச்சுடு என்றாள். காலர்க்காரி கையை உதறினாள். மன்னிப்பை வைத்து என்ன செய்ய, போய் அந்த மேடையில் சொல் என்றாள். உன் மானம் போகுமே என்று கடிகாரம் தயங்கினாள்.

"யாருன்னும் சேர்த்தே சொல்லு. நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன். மானம் போக வேண்டியது எனக்கு இல்ல."

வீட்டுக்கு வந்த கடிகாரம் தோழி சொன்னதை மகளிடம் சொல்லவில்லை. பேசத்தான் போகிறேன், யாரும் தடுக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். மகள் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. விழாவுக்கு அம்மா நல்ல புடவை கட்டி, சுவரிலிருந்து பலகையைக் கழற்றிக் கைப்பையில் போட்டதைப் பார்த்தபோது, அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டாள்.

பேக்கிங் கூடத்தைக் காலி செய்து மேடை போட்டிருந்தார்கள். மேடையில் நாலு நாற்காலி. முதலாளி, அவர் மனைவி, மேனேஜர், கடைசியில் கடிகாரம். கீழே முந்நூறு பெண்கள், பின்னால் இடமில்லாமல் அட்டைப் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு மட்டும் டீ வந்தது. மேனேஜர் ஒன்று குடித்தான், அறிக்கை வாசித்தான், வாசித்த களைப்பில் இன்னொன்று குடித்தான். கூடவே ஒரு பாட்டில் தண்ணீரையும் காலி செய்தான். பிறகு, அந்தக் காலத்து ஒழுங்குக்கு உயிருள்ள சாட்சி என்று கடிகாரத்தை அழைத்தான். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடிகாரம் பலகையை எடுத்து மைக் கம்பியில் மாட்டினாள். அது என்ன, எதற்கு என்று சின்னப் பெண்களுக்குச் சொன்னாள். அப்புறம் பாட்டில் கதையைச் சொன்னாள். வழக்கமான இடத்தில் கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பாட்டிலே இல்லை என்பதைச் சொன்னாள், பையைச் சோதித்தது யார் என்பதைச் சொன்னாள், ஏழு காலரைச் சொன்னாள். முன் வரிசையில் காலர்க்காரி தானாக எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"அந்தக் காலம் நல்ல காலம்னு ஆறு வருஷமா என் மக காதைத் தின்னுட்டேன். அந்த நாப்பது பேரும் தங்கமா இருந்தாங்க. அதனாலதான் நான் பண்ணினது எனக்கு உறைக்கல. இப்ப அதையே அட்டையில போட்டுக் கொண்டுவர்றாங்க. வேணாம்னு நான் சொல்றேன். அதை நடத்திக் காட்டினவ சொல்றேன்."

மேனேஜர் நன்றி மேடம் என்று மைக்குக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இன்னும் பரிசு கொடுப்பது, வாழ்த்து வாசிப்பது எல்லாம் பாக்கி இருக்கிறது, ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை மேடையில் அந்தக் காலத்து ஒழுங்கு என்றாள். எழுந்து போக வேண்டியவர்கள் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகட்டும், நேரம் நான் பார்க்கிறேன் என்றாள். முதலாளி சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் செருப்பைப் பார்த்தார். அவர் மனைவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

பரிசு கொடுத்தார்கள். முதலாளி பேசினார். வாழ்த்துகள் ஒவ்வொன்றாக வந்தன. மேனேஜர் முதலில் கால்மேல் கால் போட்டான், பிறகு காலை மாற்றிப் போட்டான், பிறகு முழங்கால் ஆட ஆரம்பித்தது. முந்நூறு பேரும் வாழ்த்தைக் கேட்காமல் அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பதாவது நிமிடம் அவன் சட்டென்று எழுந்து படியை நோக்கி நடந்தான்.

"சார், பலகை" என்றாள் கீழேயிருந்து மகள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது.

அவன் நின்றான். முதலாளியைப் பார்த்தான், அவர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. கம்பியிலிருந்து பலகையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முந்நூறு பெண்களுக்கு நடுவே நடந்து போனான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் திரும்பி வந்தபோது அவன் நாற்காலியில் மனு இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துக்கும் கீழே, மை காயாமல் கடிகாரத்தின் கையெழுத்து. மகள் மேடையோரம் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள். கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு மைக்கை மறுபடி எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"ஏழு நிமிஷம் ஆச்சு சார். நோட்டுல எழுத மாட்டேன். மனுஷனுக்கு அவ்வளவு ஆகும்."