ஏறி இறங்காத எண்

கையில் தடவிய கிருமிநாசினி காய்வதற்குள் மோட்டார் மெக்கானிக் கண்ணாடிப் பெட்டியருகே போய் நின்றுவிட்டான். உள்ளே அவன் மகள்; பிறந்து மூன்று நாள். வாயில் குழாய், நெஞ்சில் ஒயர்கள். திரையில் இதயத்துடிப்பு நூற்று முப்பத்தெட்டு.

"நேத்தும் இதே நூத்தி முப்பத்தெட்டு, டாக்டர். கொஞ்சம்கூடத் தடுமாறாம ஓடுது," என்றான். சத்தத்தைக் கேட்டே மோட்டாரின் ஆயுளைச் சொல்கிறவன் அவன். வார்டிலிருக்கும் மனைவிக்கு இரண்டு நாளாக அந்த எண்ணைச் சொல்லித்தான் கஞ்சி குடிக்க வைத்திருந்தான்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நல்லா இருக்கற குழந்தைக்கு அந்த நம்பர் ஏறி எறங்கிட்டே இருக்கணும். மூச்சு விட்டா மாறும், தொட்டா மாறும். மூளைதான் மாத்தும். பொறக்கறப்ப ரொம்ப நேரம் ஆக்சிஜன் கிடைக்கல. ஸ்கேன்லயும் அதான் தெரியுது."

"அப்ப... சீரா ஓடுறது?"

"நல்லதில்லங்க."

அவன் பெட்டியின் துளை வழியே கையை விட்டு, கிரீஸ் கறை போகாத விரலால் பாதத்தை வருடினான். பிறகு லேசாகக் கிள்ளினான். திரையை நிமிர்ந்து பார்த்தான். நூற்று முப்பத்தெட்டு.

மதியம் அந்த எண் தானாகவே இறங்கத் தொடங்கியது. அதன் பிறகு ஏறவில்லை.

வார்டில் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"இப்ப எவ்ளோ காட்டுது?"

அவன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "புள்ள அசையலன்னு மூணு தடவ சொன்னேன்."

சொன்னாள்தான். 'மொதப் பிரசவம், எல்லாருக்கும் வர்ற பயம்தான்' என்று சிரித்தாள் பிரசவ அறை நர்ஸ். அப்போது அவனும் சேர்ந்து சிரித்தான். 'அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? சும்மா இரு' என்று அதட்டியதும் அவன்தான். அதை அவள் இப்போது சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.

கட்டிலை மறைத்திருந்த திரைச்சீலை விலகியது. அதே நர்ஸ், பிரஷர் பார்க்கும் கருவியோடு. இருவரையும் பார்க்காமல், "கைய நீட்டும்மா," என்றாள்.

மனைவி கையை நீட்டினாள். அவன் எழுந்து, ஸ்டூலை நர்சின் பக்கம் நகர்த்திவைத்தான்.