முப்பது நாள் மச்சினன்

லிஃப்ட் பாதியில் நழுவி ஓர் அம்மாள் கையை உடைத்துக்கொண்ட மறுநாள், மேலாளர் லிஃப்ட் மெக்கானிக்கின் முன்னால், புகார்கள் பதியும் கம்பெனி போனைத் தூக்கிப் போட்டார். "பிரேக்கை மாத்தச் சொல்லி எழுதினேங்கிறீங்க. எங்கய்யா இருக்கு?"

போனில் இல்லை. மெக்கானிக் பதறாமல் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே அவர் மனைவியின் தம்பி. அவர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கித் தந்த வேலையில்தான் உட்கார்ந்திருந்தான். பதிந்த புகார்களை ஆபீஸ் சர்வர் கணினியிலிருந்து எல்லார் போனுக்கும் இறக்கும் ஏற்பாடு அவனுடையது.

"எல்லாத்தையும் இறக்கினா போன் திணறிடும் மாமா. கடைசி முப்பது நாள் மட்டும் வரும். பழசெல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்கும்" என்று வீட்டில் பெருமையடித்திருந்தான்.

"சரி பண்ணாத புகார் எத்தனை நாளானாலும் போன்ல நிக்கணும்டா" என்று இவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதைத்தான் கோட்டை விட்டிருக்கிறான். முப்பது நாள் தாண்டியதும் பிரேக் புகார் எல்லார் போனிலிருந்தும் கழன்றுவிட்டது. கண்ணில் படாததை யார் கவனிப்பார்கள்?

"சர்வர்ல பாத்துச் சொல்லுப்பா" என்றார் மெக்கானிக்.

மச்சினன் கணினியைத் தொடக்கூட இல்லை. "போன்ல இல்லேன்னா எழுதலைன்னுதான் சார் அர்த்தம்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

மேலாளர் மெக்கானிக்கிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்.

படிக்கட்டில் ஓடிவந்து கையைப் பிடித்தான் மச்சினன். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா. கொஞ்ச நாள்ல எல்லாம் மறந்துடும்."

அவர் கையை உதறினார்.

"உனக்கு மறந்துடும்டா. நான் சர்வர். பழசெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கும்."