படகுப் பக்கத்து முடிச்சு

ஜோசுவா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். கிரேஸ் தன் புருஷன் இடுப்பில் நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாமா. மாட்டையா கட்டுற?"

"மாடா இருந்தா சொன்ன பேச்சைக் கேக்கும்பா."

கயிற்றின் மறுமுனை கயாக்கில், அவனுடைய ஒற்றையாள் துடுப்புப் படகின் வளையத்தில், கட்டியிருந்தது. தாமல் ஏரியில் கவிழ்ந்தால் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது. அதனால் மூன்று வருடமாக இப்படித்தான். தறியில் அறுந்த இழையை முடிகிற கை அவளுடையது. அவள் போட்ட முடிச்சு இழுக்க இழுக்க இறுகும்.

அன்று ஏரி இல்லை, பாலாறு. செவிலிமேட்டுக்குக் கீழே, வெள்ளம் உடைத்துப்போட்ட தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் மூன்று படியாக விழுந்து நுரைத்தது. கிரேஸின் அண்ணன் இளவரசனும் வந்திருந்தான். முதலில் வாழைமரத் துண்டுகளை வீசிப் பார்த்தார்கள். வலப்பக்கம் போட்டது விழுந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"அது ஏன்பா போவ மாட்டேங்குது?"

"அடியில போன தண்ணி மேல ஏறித் திரும்பி வருது பாரு. மச்சான், இந்தப் பக்கம் ஒண்ணு போடு."

இடப்பக்கம் போட்ட மூன்றும் தங்காமல் போயின. ஜோசுவா இடப்பக்கமே இறங்கினான்.

முதல் படியைத் தாண்டினான். இரண்டாவதில் அவன் சிரித்தது கரைக்குக் கேட்டது. மூன்றாவதில் கயாக் கவிழ்ந்து, பாலத்தின் உடைந்த கம்பியில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் அவனைக் கீழே இழுத்தது. கயிறு விடவில்லை.

வாழைத் துண்டுகளுக்கு யாரும் கயிறு கட்டியிருக்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் இடுப்புப் பக்கம் கயிற்றை அறுத்துத்தான் அவன் உடலை எடுத்தார்கள்.

"கயிறு இல்லன்னாலும் அந்தத் தண்ணியில..." என்று இளவரசன் ஆரம்பிப்பான். அவள் முடிக்க விடமாட்டாள். ஜோசுவாவால் அந்த முடிச்சை அவிழ்த்திருக்க முடியுமா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

தாமல் ஏரியில் மதகு திறந்த வாரம், இளவரசனைக் கத்தியோடு கரையில் நிறுத்திவிட்டுக் கால்வாயில் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீர். கயிற்றின் ஒரு முனையை மதகுத் தூணிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் அதே மாதிரி கட்டிக்கொண்டாள். காலைத் தூக்கினாள். தண்ணீர் இழுத்தது. முடிச்சு கல்லாகிவிட்டது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"போதும் வாம்மா!"

"இரு, இன்னொரு தபா."

மூன்று முறை பார்த்தாள். பிறகு இளவரசன் கயிற்றை அறுத்தான்.

"அவரால முடிஞ்சிருக்காதுண்ணா."

"தெரிஞ்சி இப்ப என்னாம்மா ஆவப்போவுது?"

"தெரிஞ்சிதுல்ல."

கயாக் வீட்டின் பின்சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் வளையத்தில் அறுத்தது போக மீதிக் கயிறு தொங்குகிறது. அந்தப் பக்கத்து முடிச்சும் கிரேஸ் போட்டதுதான். அது இன்னும் அவிழவில்லை.