ஆளில்லாத அளம்

விடியுமுன்பே பூங்கனி பாத்திக்குள் இறங்கிவிட்டாள். கணுக்காலளவு உப்புநீர், வெடித்த பாதங்களில் தீயாக ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு பலகையைத் தள்ளினாள். அடியில் படிந்த உப்பு கரகரவென்று திரண்டு வரப்போரம் சேர்ந்தது. கொல்லம் ஆண்டு 1109, வைகாசி. மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழை விழுவதற்குள் தாமரைக்குளத்து அளத்தின் உப்பையெல்லாம் அம்பாரமாகக் குவித்து ஓலையால் மூடியாக வேண்டும்.

அடுத்த பாத்திகளில் பாண்டி ஆட்கள். கிழக்கே பாண்டிச் சீமையில் இரண்டு வருஷமாக மழையில்லை. அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கண்டிராக்கு தாணுலிங்கம் ஆரல்வாய்மொழிக்கு அப்பாலிருந்து இருபது குடும்பங்களை வண்டியேற்றிக் கொண்டுவந்து அளத்தோரக் கொட்டகையில் அடைத்திருந்தார். அவர்கள் வந்த வாரமே பூங்கனியின் புருஷன் ஏசுஅடிமை உட்பட உள்ளூர் ஆண்களுக்கு வேலை நின்றது. பெண்களுக்குக் கூலி பாதியானது.

"நான் என்ன செய்யட்டும்? பாதிக் கூலிக்கு வாறோம்னு அவிய காலைப் பிடிக்காவ," என்றார் தாணுலிங்கம்.

ஊர் கொதித்தது. அவரிடம் காட்ட முடியாத கோபம் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அங்கே நல்ல தண்ணீருக்கு ஒரே கிணறு. அதற்குப் போகும் பாதையில் உடைமுள்ளை வெட்டிப் போட்டவர்களில் பூங்கனியும் ஒருத்தி. சிறுவயதில் பூதப்பாண்டியில் ஒரு கிணற்றடியிலிருந்து அவளையும் குடத்தோடு விரட்டியிருக்கிறார்கள். முள்ளை இழுக்கும்போது அது நினைவுக்கு வரத்தான் செய்தது. அது வேறு, இது வேறு என்று மனசை அடக்கிக்கொண்டாள்.

பாண்டி ஆட்கள் அளத்தோரக் குழியில் ஊறிய கரிப்புத் தண்ணீரைக் குடித்தார்கள். கொட்டகையில் வயிற்றுப்போக்கு கண்டது.

அன்று உச்சிவெயிலில் பூங்கனி கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தபோது முள்ளுக்கு அப்பால் ஒருத்தி வெறுங்குடத்தோடு வந்து நின்றாள். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிற மாடத்தி.

"யக்கா, ஒரு குடம் தண்ணி."

"எங்களுக்க சோத்தைப் பறிச்சாச்சு. இனி தண்ணியுமாட்டி?"

"குடிக்க இல்லக்கா. எந்தங்கச்சி காலையில செத்துப்போனா. குளிப்பாட்டணும். கரிப்புத் தண்ணிய ஊத்த மனசு வரல."

பூங்கனி கயிற்றைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள், "பாதிக் கூலிக்கு என்னத்துக்கு வந்திய?"

"பாதியா? இதுதான் கூலின்னாக. இந்த அளத்துல வேல செய்ய ஆளே இல்லன்னுதான் கூட்டியாந்தாக. வெளிய போனா ஊர்க்காரங்க வெட்டிப் போடுவாகன்னு கொட்டாயும் அளமும் விட்டு எங்கயும் எறங்க விடல."

பூங்கனி வெறுங்கையால் முள்ளை இழுத்தெறிந்தாள். உள்ளங்கை கிழிந்தது. தானே இறைத்து, தன் இடுப்பிலேயே குடத்தைக் கொட்டகைக்குச் சுமந்தாள். பாயில் கிடந்தவளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

"முள்ளு போட்டதுல நானும் உண்டு," என்றாள் பூங்கனி.

மாடத்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தலையத் தூக்கிப் பிடிங்க," என்று மட்டும் சொன்னாள்.

பூங்கனி ஊருக்குள் ஓடி நடந்ததைச் சொன்னாள்.

"அவிய சொல்லுத கதைய நம்புதியா?" என்றான் ஏசுஅடிமை.

"நமக்கு ஒரு பொய், அவியளுக்கு ஒரு பொய். ரெண்டுக்கும் வாய் ஒண்ணுதான்."

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனான்.

அடக்கம் முடிந்து திரும்பிய ஊர்ப் பெண்களும் பாண்டி ஆட்களும் பாத்தியில் இறங்கவில்லை. இரு தரப்பாரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். தாணுலிங்கம் ஓடிவந்தார்.

"மழை வருது! உப்பெல்லாம் கரைஞ்சு போவும், எந்திரிங்க!"

"எல்லாருக்கும் பழைய கூலி வேணும். நிறுத்தின ஆளுவளைத் திரும்ப எடுக்கணும். கொட்டகைக்கு நல்ல தண்ணி வேணும்," என்றாள் பூங்கனி.

"பாண்டிக்காரிக்கு நீ என்னட்டி வக்காலத்து? ஒனக்க சாதியா, ஒனக்க வேதமா?"

"ரெண்டும் இல்ல. எனக்க அடுத்த பாத்தி."

"ராமநாதபுரத்துலேருந்து வேற ஆளைக் கொண்டாருவேன்!"

மாடத்தி எழுந்தாள். "கொண்டாங்க. இங்க ஆள் இருக்குன்னு வழியிலேயே நின்னு அவுககிட்ட சொல்லுவோம்."

போலீசைக் கூட்டிவருவதாகக் கத்திக்கொண்டு அவர் வண்டியேறினார். உள்ளூர்ப் பெண்கள் இருவர் தயங்கித் தயங்கி எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் அசையவில்லை. கனத்த துளிகள் உப்பில் விழத் தொடங்கின. நாளைக்கு உலைக்கு என்ன வழியென்று பூங்கனிக்குத் தெரியாது.

இதுவரை தள்ளி நின்றிருந்த ஏசுஅடிமை மெல்ல வந்து பாண்டி ஆண்கள் இருந்த வரப்பில் நின்றான். அவர்களில் ஒருவர் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.