வழித்த ரோசாக்கள்

வேலையால் வந்த பேர்ணடெற் கோட்டைக் கழற்றிப் போட்டதும் கண்ணாடிக் கிளாசொன்றைக் கவிழ்த்து, அதன் அடியில் ஐசிங்கால் ரோசாப்பூப் பிழியத் தொடங்கினாள். பூ ஒரு பக்கம் சரிந்தது. கத்தியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மறுபடி பிழிந்தாள்.

"உதை ஆர் தின்னுறது?" என்றான் புருசன் கிறிஸ்துநாயகம்.

"ஒருத்தரும் தின்னத் தேவையில்லை."

மன்னாரில் கலியாணக் கேக்குக்குப் பெயரெடுத்தவள் அவள். போன ஆடியில், புலம்பெயர்ந்து வந்த இந்த மல்வேர்னில் ஒரு பிறந்தநாளுக்குச் செய்த கேக், கார்ச் சூட்டில் பூவெல்லாம் வழுக்கி இறங்கிவிட்டது. மண்டபத்தோடு போயிருந்தால் சனம் மறந்திருக்கும். ஆனால் எங்கள் ஆட்கள் வீடியோ இல்லாமல் ஒரு மெழுகுதிரியைக்கூட ஊதமாட்டார்களே! வீடியோக் கசற்றைக் கொப்பியடிக்க, அது பாரிசுக்கும் சுவிசுக்கும் போனது. சுவிசிலிருந்து மச்சாள் போன் எடுத்து, "கேக் அழுதமாதிரிக் கிடந்துது" என்று சிரித்தாள். பேர்ணடெற்றும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஐசிங் சாமான்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, இனி இந்தக் கை ஒன்றுக்கும் உதவாது என்று முடிவுகட்டிவிட்டாள்.

தை மாதம் பக்கத்து வீட்டுக் கிளடிஸ் வந்து, மகள் ஸ்டெபனி முதன்முறை நற்கருணை வாங்கும் முதல் நன்மை விழாவுக்குக் கேக் கேட்டாள். "நீங்கள் செய்யாட்டி கேக்கே வேண்டாம் அக்கா" என்றவளிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து இந்தப் பிழிதலும் வழித்தலும். நல்ல பூ வந்த மறுநாளே கோணல் பூ வரும். முதலில் அழுகை வந்தது. மல்வேர்னில் பனி கரைந்து புல் தெரிந்தபோது, வழிப்பதும் பிழிவதைப்போல வெறும் வேலையாகிவிட்டிருந்தது.

வைகாசியில், கோயில் மண்டபத்தில், வெள்ளை ரோசாக்களோடு கேக் நிமிர்ந்து நின்றது. வீடியோக்கார நவரட்ணம் வயரை இழுத்தபடி பின்பக்கமாக நடந்து வந்தார். அவருடைய முழங்கை பட்டு நடுப்பூ நசிந்தது. கிளடிஸ் நெஞ்சில் கை வைத்தாள். எல்லோரும் பேர்ணடெற்றைப் பார்த்தார்கள். அவள் பையிலிருந்து மிச்ச ஐசிங்கை எடுத்து, ஒரு கிளாசைக் கவிழ்த்துப் பிழிந்தாள்.

பூ சரிந்தது.

"தங்கச்சி, நான் வீடியோவை நிப்பாட்டுறன்" என்றார் நவரட்ணம் மெதுவாக.

"வேண்டாம் அண்ணை." சரிந்த பூவை எல்லோர் முன்னாலும் வழித்து எடுத்தாள். "லைற்றைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாங்கோ. இதழ் வடிவாத் தெரியேல்லை."

அவர் கொண்டுவந்தார். பிள்ளைகள் கதிரைகளில் ஏறி எட்டிப்பார்த்தார்கள். அந்த வெளிச்சத்துக்குள் அவள் கிளாசை மெல்லத் திருப்பி, முதல் இதழைப் பிழிந்தாள்.