ஒன்றரைக்கண்ணி

இறந்துபோன அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள் வால்புர்கா.

“முதல்ல கடிகாரத்தை நிறுத்துடி,” என்றாள் அம்மா. “சாவு வீட்ல அது ஓடக் கூடாது.”

வால்புர்கா எழுந்துபோய்ப் பெண்டுலத்தைப் பிடித்தாள். கடிகாரச் சட்டத்துக்குள் இருந்த ஓவியப் பெண்ணின் கண்கள் இடமும் வலமும் அலைவதை விட்டு நின்றன. ஒரு கண் நேராகப் பார்த்தது. மற்றது கணப்படுப்புப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

கண்ணசைக்கும் சட்டக் கடிகாரங்களுக்கு முகம் வரைவதுதான் அப்பா ஃப்ரிடோலினின் பிழைப்பு. கருங்காடு என்னும் அந்த மலைப்பகுதியிலிருந்து அவை எந்தெந்த ஊருக்கோ போயின. இது மட்டும் விலைபோகவில்லை. கண்களைப் பெண்டுலத்தோடு இணைக்கும் கம்பியை மகன் செவரின், வேலை பழகும் வயதில், கோணலாக வளைத்துவிட்டான். “ஒன்றரைக்கண்ணி!” என்று சிரித்து அவர் அதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். பின்னால் அவன் வேறு கிறிஸ்தவ சபைப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது, அவனையும் அவன் பெட்டி படுக்கையையும் வெளியே அனுப்பினார். கடிகாரம் சுவரிலேயே இருந்தது.

கதவு திறந்தது. பூட்ஸில் பனியோடு செவரின் நின்றான்.

“எப்போக்கா?”

“விடிஞ்சதும்டா.”

“இவனை யாரு கூப்பிட்டது?” என்றாள் அம்மா.

“நான்தாம்மா. நேத்தே பால்காரர்கிட்ட சொல்லி அனுப்பினேன்.”

செவரின் தீர்த்தக் கிண்ணத்தில் இலைக்கொத்தை நனைத்து அப்பாவின் மேல் தெளித்தான். பாதி தரையில் விழுந்தது.

“என்னைக் கேட்டாரா?”

ஆமாம் என்று சொல்ல வால்புர்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. “இல்லடா.”

தலையாட்டினான். கொஞ்ச நேரம் கை வைக்க இடம் தெரியாதவன் போல நின்றுவிட்டு, கடிகாரத்திடம் போய்ச் சட்டைப்பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்தான்.

“இதையாவது நிமிர்த்திட்டுப் போறேன்.”

“இன்னிக்கு வேணாம்,” என்றாள் அம்மா. அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. “அடக்கம் முடிஞ்சு ஓட விடுறப்போ பண்ணு. நானும் எத்தனையோ தடவை ஆள் விட்டுச் சரிபண்ணச் சொன்னேன். மனுஷன் ஒருத்தரையும் கிட்ட விடல. வளைச்சவனே வந்து நிமிர்த்தட்டும்னுட்டார்.”

செவரின் கருவியைச் சட்டைப்பைக்குள் போட முயன்றான். பை அகப்படவில்லை. வால்புர்கா அதை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் பனியில் ஒரு பெண் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றாள்.

“அது யாரு?”

“என் வீட்டுக்காரி ரெகினா, அம்மா. உள்ள வரமாட்டேன்னுட்டா.”

அம்மா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். ஆணியிலிருந்து தன் கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து, இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.