எதிர்ப்பக்கத்தில் நின்றவள்

சந்திரகலா செய்தது அப்படியொன்றும் பெரிய தப்பில்லை. கல்யாணத்துக்குச் செய்ய வேண்டியதை டென்னிஸ் போட்டிக்குச் செய்துவிட்டாள், அவ்வளவுதான். பெற்ற மனசு. மகள் ஜெயிக்க வேண்டும் என்றால் அது எதையும் யோசிக்காது.

அந்த வீட்டில் நல்ல காரியம் எதுவானாலும் முதலில் பூவாடைக்காரியைக் கூப்பிட வேண்டும். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. தண்ணீர்க்கரைக்குப் போய்ச் சொம்பில் நீர் மொண்டு, பேர் சொல்லி அழைத்து வந்து, புதுப்பாவாடையும் பூவும் வளையலும் வைத்துப் படைப்பார்கள். எதற்காக அழைக்கிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு அழைத்தால் கல்யாணம் பார்த்துவிட்டு, வந்த தண்ணீருக்கே திரும்பிப் போய்விடுவாள். கொண்டுபோய் விடாமல் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அதுவரை யாரும் விடாமல் இருந்ததில்லை.

இவர்கள் வீட்டுப் பூவாடைக்காரி, சந்திரகலாவின் புருஷன் முனுசாமிக்குக் கூடப்பிறந்த தங்கை தமிழ்செல்வி. பாவாடை சட்டை போடுகிற வயசிலேயே தேர்வாய் கண்டிகை பக்கத்து ஏரியில் மூழ்கிப் போனவள். முனுசாமி அவளைப் பற்றி எப்போதாவதுதான் பேசுவார். பேசினால் ஒரே பேச்சுதான்.

"இடது கையால ஓட்டாங்கல்லு உட்டான்னா தண்ணி மேல தத்தித் தத்தி அக்கரைக்கே பூடும். எந்த ஆட்டம் ஆடினாலும் அவதான் ஜெயிப்பா. அதுக்கே அவகூட ஆட எவளும் வரமாட்டாளுங்க. அன்னிக்குங்கூட தனியாதான் ஆடிக்கினு இருந்தா."

அந்த ஏரியின் ஒரு மூலையைத் தூர்த்துத் தொழிற்பேட்டைக்காரர்கள் மைதானம் கட்டினார்கள். செம்மண் பரப்பிய டென்னிஸ் தளங்கள், சுற்றிலும் கம்பிவேலி, ஒரு பக்கம் கம்பெனிச் சுவர். முதல் தடவையாக அங்கே பெண்களுக்கான ஒற்றையர் சர்வதேசப் போட்டி நடத்தினார்கள். உள்ளூர்ப் பெண் என்று முனுசாமியின் மகள் பூமிகாவுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

பூமிகாவுக்கு இது வாழ்வா சாவா என்கிற போட்டி. "கோப்பைய வாங்கினு வா, இன்னும் ரெண்டு வருசம் ஆடிக்கோ. இல்லனா மட்டைய பரண் மேல போட்டுட்டு வர்ற தையில கல்யாணம்" என்று முனுசாமி சொல்லிவிட்டார். நெல் விற்று மட்டை வாங்கிக் கொடுத்த மனுஷன், அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. பூமிகா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அதைப் பார்த்துத்தான் சந்திரகலா சொம்பை எடுத்தாள். ஏரி மூலை இப்போது மைதானம். நடுத்தளத்துக்குத் தண்ணீர் விடுகிற வரதன் அதே ஊர்க்காரன். போட்டி தொடங்குவதற்கு முன்னால் அவனைத் தாஜா செய்து உள்ளே போய், மண் நனைக்கிற குழாயில் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தாள். "போர் போட்டு எடுத்தா மட்டும் ஏரித்தண்ணி இல்லாம போய்டுமா?" என்று முனுசாமியைக் கேட்டாள். பாவாடைக்குப் பதில் பூமிகாவின் வெள்ளை விளையாட்டுப் பாவாடை. வளையலுக்குப் பதில் மணிக்கட்டில் போடுகிற பட்டி. பூவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மட்டை.

"ஆட்டத்துக்கு வாம்மா தமிழ்செல்வி. நம்ம பூமிகா ஆட்டம் ஆடப்போறா, நீயும் வா" என்று கற்பூரம் ஏற்றினாள்.

வழக்கப்படி மூன்றாம் நாள், அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விடச் சொம்போடு போனால் வாசலில் செக்யூரிட்டி மடக்கிவிட்டான். போட்டி தொடங்கிவிட்டது, பாஸ் இருந்தால்தான் உள்ளே விடுவானாம், அதுவும் சொம்போடு கூடவே கூடாதாம். சந்திரகலா சொம்பைக் கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, ஆட்டமெல்லாம் முடியட்டும் என்று இருந்துவிட்டாள்.

முதல் ஆட்டத்தில் எதிரே நின்ற புனேக்காரப் பெண் பூமிகாவைவிட நன்றாகவே ஆடினாள். பாதியில், பந்தே வராத இடத்தில், கால் மடங்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிப்போய்ப் பாதியிலேயே விலகினாள். பூமிகா வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. வீட்டில் சந்திரகலா, "அத்தை தொணைக்கு நிக்கிறாடி" என்றாள்.

இரண்டாவது ஆட்டத்தில் பந்து உள்ளேயா வெளியேயா என்று தகராறு. செம்மண் தளத்தில் பந்து விழுந்த தடம் தெரியும், அதைப் பார்த்துத்தான் தீர்ப்பு. நடுவரம்மா உயர நாற்காலியிலிருந்து இறங்கி வந்து கோட்டருகே குனிந்தாள். குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பந்தின் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாதத்தின் தடமும் இருந்தது. செருப்பில்லாத சின்னப் பாதம், ஐந்து விரலும் பதிந்து, ஈரமாக.

"யாருப்பா வெறுங்காலோட தளத்துல நடந்தது?" என்று வரதனை அதட்டினாள்.

"நான் பூட்ஸ் போட்டுக்கினுதாம்மா வேலை செய்றேன்" என்று அவன் காலைத் தூக்கிக் காட்டினான்.

அன்றைக்கும் எதிராளி வழுக்கி விழுந்து, நொண்டிக்கொண்டே ஆடித் தோற்றாள். அரையிறுதியில் ஆடிய டெல்லிப் பெண்ணுக்கு அடியொன்றும் படவில்லை. நடு ஆட்டத்தில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, பின்னால் யாரோ நின்று மூச்சு விடுகிறார்கள் என்று இந்தியில் அழுதாள். வெயில் தாங்கவில்லை என்று சொல்லி டாக்டர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பூமிகா இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். ஊரே பெருமைப்பட்டது. அவளுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. இடைவேளைகளில் இரண்டு பேரும் பக்கம் மாறும்போது அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்திருந்தாள். அந்தச் சின்னப் பாதம் ஒரு தடவைகூட அவள் பக்கத்தில் பதியவில்லை. அவள் எந்தப் பக்கம் போனாலும் அது எதிர்ப்பக்கம் போயிருந்தது. துணைக்கு நிற்கிறவள் எதற்கு எதிரே போய் நிற்க வேண்டும்?

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில். எதிராளி ஷைனி. மணவாள நகர்க்காரி, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை செய்கிற ஜெரால்டின் மகள். இரண்டு பேரும் ஒரே கோச்சிடம் கற்று, ஒரே டப்பாவில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். உடை மாற்றும் அறையில் ஷைனி ஷூ நாடாவைக் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு மாதிரி கீதுடி பூமி. உன்கூட ஆடனவ எவளும் நல்லா திரும்பிப் போவல. எனக்கு இன்னாவாச்சும் ஆச்சுன்னா எங்கப்பா தாங்கமாட்டாரு."

"ஒண்ணும் ஆவாது, வா" என்றாள் பூமிகா. சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. கோப்பை அவள் கண்ணை மறைத்திருந்தது, அதுதான் உண்மை.

முதல் செட் ஷைனிக்கு, இரண்டாவது பூமிகாவுக்கு. மூன்றாவதில் பூமிகா முன்னால் போனாள். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் கோப்பை. அப்போதுதான் ஷைனியின் பக்கம், பின்கோட்டுக்கு அருகே, மண் கறுத்தது. அந்த வெயிலில் வரதனின் குழாய் சுருட்டி மூலையில் கிடந்தது. மேகம் கிடையாது. இருந்தும் தரையிலிருந்து தண்ணீர் ஊறி வட்டமாகப் பரவியது. பாசி வாடை வலையைத் தாண்டி வந்தது.

ஷைனி ஒரு பந்துக்கு ஓடி அதில் வழுக்கினாள். கையை ஊன்றி எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. "யாரோ என்னிய ஓரமா தள்றாங்கடி" என்று வலைக்கு இந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள். வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பூமிகா பார்த்தாள். ஷைனியின் ஷூ தடத்தின் மேலேயே வெறும் பாதம் பதிந்துகொண்டிருந்தது. அவள் வலப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. ஷைனி நின்ற இடம் அதற்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் பூமிகாவுக்கு எல்லாம் விளங்கியது. கல்யாணத்துக்கு அழைத்தால் கல்யாணம் பார்ப்பாள். ஆட்டத்துக்கு அழைத்தால்? அம்மா மட்டையும் வைத்து, பாவாடையும் வைத்து, நீயும் வா என்று கூப்பிட்டிருக்கிறாள். கூட ஆட ஆள் கிடைக்காமலே செத்துப்போனவள், வந்ததிலிருந்து ஆடத்தான் காத்திருக்கிறாள். ஒற்றையர் தளத்தில் இரண்டே பேருக்குத்தான் இடம். மூன்றாவது ஆள் உள்ளே வர வேண்டும் என்றால் ஒருத்தி வெளியே போக வேண்டும். அத்தை பூமிகாவுக்காக யாரையும் விழத்தட்டவில்லை, பூமிகாவின் எதிரே தான் நிற்பதற்காகவே ஒவ்வொருத்தியையும் நகர்த்தியிருக்கிறாள்.

சும்மா இருந்தால் போதும். ஷைனி இன்னொரு தடவை விழுந்தால் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு வருஷம் ஆடலாம். பூமிகா அதை நினைக்காமல் இல்லை, நன்றாகவே நினைத்தாள். நினைத்ததற்கு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பந்தைப் பையில் போட்டுக்கொண்டு வலையருகே போனாள். நடுவரம்மா நேரமாகிறது என்று எச்சரித்தாள்.

"அத்தே" என்று பூமிகா மெதுவாகக் கூப்பிட்டாள். "இவ என் சிநேகிதி. இவள உட்டுடு. உனக்கு எதிர்ல நிக்க ஆள்தானே வேணும்? இந்த ஆட்டம் முடியட்டும். நான் நிக்கறேன்."

"யார்கிட்டடி பேசற?" என்றாள் ஷைனி.

ஷைனிக்குப் பின்னாலிருந்து பாதத்தடம் ஒன்று ஒதுங்கியது. பிறகு இன்னொன்று. பக்கக் கோட்டைத் தாண்டி, நடுவரம்மாவின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு வரைக்கும் போய் நின்றது. பெஞ்சுப் பலகையில் மெல்ல ஓர் ஈரம் படர்ந்தது. தளத்தில் மண் காய்ந்து சிவந்தது.

அதற்கப்புறம் ஷைனி ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பயம் விட்டுப்போனவள் ஆடுகிற ஆட்டம். பூமிகாவும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒவ்வொரு பந்துக்கும் ஓடினாள். பூமிகா அடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. தடத்தைப் பார்க்கவே தேவையில்லை. ஷைனி மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெரால்டு துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வேலிக்கு வெளியே முனுசாமி நின்றார். தை மாசம் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து, முனுசாமியும் சந்திரகலாவும் தவிர எல்லாரும் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார்கள். வரதன் தளத்தைக் கூட்டிச் சமன்படுத்த வலைப்பாயை இழுத்துக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் நேரம் பொறுண்ணா" என்றாள் பூமிகா. "இன்னொரு ஆட்டம் கீது."

"யார்கூட?"

அவள் பெஞ்சைப் பார்த்தாள். பலகை காய்ந்திருந்தது. அவளுடைய பையிலிருந்த இரண்டாவது மட்டை அங்கே இல்லை. வரதன் எதிர்ப்பக்கம் பார்த்தான், பாயை அப்படியே போட்டுவிட்டு வேலி வரைக்கும் பின்னோக்கியே நடந்தான்.

வேலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த முனுசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்திரகலா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பூமிகா பின்கோட்டில் போய் நின்றாள். கைப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் வாக்கு வாக்குதான். ஆள் இல்லாத எதிர்ப்பக்கத்துக்குப் பந்தை உயரப் போட்டு முழு பலத்தோடு அடித்தாள்.

பந்து திரும்பி வந்தது. அவள் நினைத்த பக்கம் வரவில்லை. தரையில் பட்டு மறுபக்கமாகத் தத்தி, அவளைத் தாண்டிப் போய் வேலியில் மோதியது.

அத்தைக்கு இடது கை என்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.